பைலட் பற்றாக்குறை யாருக்கு?

போன வாரம் அக்கா போன் செய்தாள். மகன் ப்ளஸ் டூ முடிக்கப் போகிறான், பைலட் ஆகணும் என்கிறான். "இண்டிகோ 500 விமானம் வாங்குதாம், ஏர் இந்தியா 470 வாங்குதாம், ஓட்ட ஆளே இல்லையாமே? ஊர் நிலத்தை வித்துப் படிக்க வைக்கலாமான்னு உங்க அத்தான் கேக்கச் சொன்னார்."

நிலம் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. உடனே பதில் சொல்லாமல், ரெண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா சொன்ன இரண்டு எண்களும் சரி. இரண்டுமே 2023ல் கொடுத்த ஆர்டர்கள். ஆனால் ஆர்டர் வேறு, கைக்கு வந்த விமானம் வேறு. இவை பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஏர்பஸ், போயிங் இரண்டுமே டெலிவரியில் தாமதம். விமானம் வராமல் அதற்கான வேலையும் வராது.

அடுத்தது, "பைலட்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சந்தைகள் இருக்கின்றன. காக்பிட்டில் இடது சீட்டில் கேப்டன், வலது சீட்டில் கோ-பைலட். பயிற்சி முடித்து வருபவர் கையில் இருப்பது சி.பி.எல். லைசென்ஸ்; அதற்கு 200 மணி நேரம் பறந்திருந்தால் போதும். கேப்டனுக்கு வேண்டிய ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்குக் குறைந்தது 1,500 மணி நேரம் வேண்டும். அதோடு பல வருட அனுபவமும். பற்றாக்குறை பெரும்பாலும் இடது சீட்டில்தான். அதனால்தான் இந்திய நிறுவனங்கள் டி.ஜி.சி.ஏ.விடம் தற்காலிக அனுமதி வாங்கி வெளிநாட்டுக் கேப்டன்களைக் கொண்டுவருகின்றன. அதே ஊரில் சி.பி.எல். வாங்கிய பிள்ளைகள் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

2025 டிசம்பரில் நடந்ததைப் பாருங்க. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த விதி நவம்பரிலேயே முழுமையாக அமலுக்கு வந்திருந்தது. அதற்குத் தயாராகாத இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. "பைலட் இல்லை" என்று செய்தி வந்தது. ஆனால் அன்றைக்குப் புது சி.பி.எல். பிள்ளைகளை நூறு பேர் கூட்டிவந்து நிறுத்தியிருந்தாலும் ஒரு விமானம்கூடக் கூடுதலாகக் கிளம்பியிருக்காது. புதியவருக்கு அந்த விமானத்துக்கான தனிப் பயிற்சி முடியணும், பிறகு பயிற்சிக் கேப்டனோடு பறந்து பழகணும். அந்தக் கேப்டன்களுக்கும் தட்டுப்பாடுதானே!

அந்தத் தனிப் பயிற்சிக்கு டைப் ரேட்டிங் என்று பெயர். கார் லைசென்ஸ் மாதிரி எதையும் ஓட்டலாம் என்பது இங்கே கிடையாது. ஏர்பஸ் ஏ320க்கு ஒன்று, போயிங் 737க்கு வேறொன்று. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அதன் 737 விமானிகளுக்கு, ஏ320 ஓட்டும் இண்டிகோ உடனே பொருந்தவில்லை. 737 வைத்திருந்த ஸ்பைஸ்ஜெட் போன்ற இடங்களுக்கு, பலர் குறைந்த சம்பளத்துக்குப் போனார்கள். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது அதன் விமானிகள் கையில் ஏ320 இருந்தது. இண்டிகோவும் ஏர் இந்தியாவும் அதையே ஓட்டுவதால் அவர்களுக்குக் கதவு திறந்திருந்தது. திறமையைவிட, எந்த விமானம், எந்த வருஷம் என்பதுதான் பலருக்குத் தீர்ப்பு எழுதியது.

"இங்கே இல்லைன்னா வெளிநாடு" என்பார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் லைசென்ஸ் தனி. மாற்றிக்கொள்ளப் பரீட்சை, மருத்துவச் சோதனை எல்லாம் மறுபடியும். அமெரிக்காவில் 2009 கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு, 2013லிருந்து பயணிகள் விமானக் கோ-பைலட்டுக்கே பொதுவாக 1,500 மணி நேரம் கேட்கிறார்கள். அங்கே வேலை செய்யும் உரிமையும் வேண்டும். வளைகுடா நிறுவனங்கள் வெளிநாட்டவரை எடுக்கும், ஆனால் பெரும்பாலும் ஜெட் அனுபவம் உள்ளவர்களை. ஆக வெளிநாடு இரண்டாவது படி. முதல் படியாக அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

அங்கேயும் நிலை மாறிக்கொண்டே இருக்கிறது. 2020ல் கொரோனாவில் அமெரிக்க நிறுவனங்கள் மூத்த விமானிகளைப் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பின. 2022ல் ஆள் கிடைக்காமல் அள்ளி எடுத்தன. 2024ல் வேகம் குறைந்தது. ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் திவால் மனு போட்டது. பயிற்சிக்கு இரண்டு வருடமாவது ஆகும். சேரும்போது இருக்கிற காற்று, முடிக்கும்போது இருக்காது.

செலவைப் பார்த்தால் சி.பி.எல்.லுக்கே சுமார் அரைக் கோடி அல்லது அதற்கு மேல், டைப் ரேட்டிங்குக்குத் தனியாகப் பல லட்சம். வேலை கிடைக்கும்வரை லைசென்ஸும் ரேட்டிங்கும் காலாவதி ஆகாமல் காக்கவும் பறக்கணும். அதுக்கும் காசு.

அக்காவிடம் கடைசியில் சொன்னது இதுதான். நிலம் இருக்கட்டும். முதலில் பையனை டி.ஜி.சி.ஏ. மருத்துவச் சோதனைக்கு அனுப்பு. கண்ணிலோ காதிலோ குறை இருந்தால் இப்பவே தெரியட்டும். அடுத்து எழுத்துத் தேர்வுகளை முடிக்கட்டும், அதுக்குச் செலவு குறைவு. பறக்கும் பள்ளிக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதே. எந்த நிறுவனம் எடுக்கும் என்று தெரியாமல் டைப் ரேட்டிங் பண்ணாதே.

"அப்போ வேண்டாங்கறியா?" என்றாள்.

வேண்டாம்னு சொல்லலை. லைசென்ஸ் வாங்கிய பிறகு இரண்டு வருஷம் வேலை இல்லாமல் இருந்தாலும் வீடு தாங்குமா என்று கணக்குப் போடு. தாங்கும் என்றால் பையன் பறக்கட்டும்.