திறன்பேசியின் இயங்குதளப் புதுப்பிப்பு: தள்ளிப்போடக் கூடாத பராமரிப்பு

இந்தியாவில் பணம் கைமாறும் முறை கடந்த பத்தாண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்ட யூபிஐ முறையின் வாயிலாக, 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பணப் பரிமாற்றங்கள் நடைபெற்றன. 2015 ஜூலையில் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர், கல்விச் சான்றிதழ்களையும் ஓட்டுநர் உரிமத்தையும் காக்கும் பெட்டகமாக விளங்குகிறது. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த போஷன் டிராக்கர் செயலியின் துணைகொண்டு, நாடெங்கிலும் உள்ள அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் பதிவு செய்து வருகின்றனர். இப்பணிகளுள் பெரும்பகுதி ஒரு சிறு கருவியை நம்பியே நடைபெறுகிறது. அதுவே திறன்பேசி.

சாலை, பாலம், மின்கம்பி ஆகியவற்றைப் போன்று திறன்பேசியும் நாட்டின் அடிப்படைக் கட்டுமானத்தின் ஓர் அங்கமாகிவிட்டது எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சாலையைச் செப்பனிடுவது அரசின் பொறுப்பு. திறன்பேசியின் பராமரிப்போ, அதனை வைத்திருப்பவரின் ஒரு விரலசைவைப் பொறுத்துள்ளது. ‘புதிய புதுப்பிப்பு வந்துள்ளது, இப்போது நிறுவலாமா?’ என்று திரையில் தோன்றும் வினாவிற்குப் பலர் ‘பிறகு’ என்றே விடையளிக்கின்றனர். அந்தப் ‘பிறகு’ எத்தகைய இழப்பிற்கு வழிகோலும், மக்கள் வழக்கில் ‘அப்டேட்’ எனப்படும் புதுப்பிப்பை எவ்வாறு முறையாக நிறுவுவது, அதனைப் பெறும் வாய்ப்பே இல்லாதோரின் நிலை யாது என்பன பற்றி மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் நலம்.

இயங்குதளம் என்பது யாது?

திறன்பேசியில் கையால் தொட்டறியத்தக்க திரை, மின்கலம், நினைவகம் முதலியவை வன்பொருள். அவற்றை இயக்கும் கட்டளைத் தொகுதிகள் மென்பொருள். மென்பொருள்களுள் தலையாயது இயங்குதளம். ஒரு செயலி ஒளிப்படக் கருவியைத் திறக்க விழையும்போதும், மற்றொரு செயலி தொடர்பு எண்களைக் கேட்கும்போதும், இயங்குதளமே இடைநின்று அனுமதி வழங்குகிறது. வங்கிச் செயலியின் தகவலைப் பிறிதொரு செயலி எட்டிப் பாராதவாறு காவல் காப்பதும் அதுவே.

2007இல் ஐபோனும், 2008இல் முதல் ஆண்ட்ராய்டு திறன்பேசியும் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் பயன்பாட்டில் உள்ள திறன்பேசிகளுள் மிகப் பெரும்பான்மையானவை, லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு கூகுள் நிறுவனம் வளர்த்துவரும் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் இயங்குவனவே.

புதுப்பிப்பு இருவகைப்படும். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் புதிய பதிப்பு முதல்வகை. தோற்றம், வசதிகள் ஆகியவற்றில் இது மாற்றம் செய்யும். பாதுகாப்புத் திருத்தம் இரண்டாம் வகை. பழைய பதிப்பில் கண்டறியப்பட்ட ஓட்டைகளை இது அடைக்கும். முதல்வகை கண்ணுக்குத் தெரிவதால் மக்கள் அதனையே புதுப்பிப்பு எனக் கருதுகின்றனர். உண்மையில் அவர்களது சேமிப்பைக் காப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டாம் வகையே.

ஓட்டை தெரிந்த பின்னர் பெருகும் இடர்

பல கோடி வரிகள் கொண்ட மென்பொருளில் பிழையே இராது என எவராலும் உறுதி கூற இயலாது. 2015 ஜூலையில் ஆண்ட்ராய்டில் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ எனும் குறை வெளிப்பட்டது. காணொளி தாங்கிவரும் ஒரு செய்தியை அனுப்புவதன் மூலமே பிறரது கருவிக்குள் ஊடுருவ அது இடமளித்தது. அதனைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் மாதந்தோறும் பாதுகாப்பு அறிவிக்கை வெளியிடும் வழக்கத்தைக் கூகுள் மேற்கொண்டது.

இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்க ஓர் உண்மை உண்டு. திருத்தம் வெளியான நாளிலேயே ஓட்டை எங்குள்ளது என்பதும் வெளியாகிவிடுகிறது. பழைய மென்பொருளையும் புதிய மென்பொருளையும் ஒப்புநோக்கித் தீயோர் அதனை எளிதில் அறிந்துகொள்வர். எனவே திருத்தத்தை நிறுவாத கருவியின் நிலை முன்பிருந்தவாறே நீடிப்பதில்லை, முன்னினும் மோசமாகிறது.

திறன்பேசியல்லாத கணினித் துறையில் இதற்குத் தெளிவான சான்று உள்ளது. விண்டோஸ் இயங்குதளத்தின் குறை ஒன்றிற்கு 2017 மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அவ்வாண்டு மே மாதம் ‘வான்னாக்ரை’ எனும் தீநிரல் அதே குறையின் வழியே சுமார் 150 நாடுகளில் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் அறுவை சிகிச்சைகளும் நோயாளிகளுக்கு ஒதுக்கப்பட்ட சந்திப்புகளும் கைவிடப்பட்டன. மார்ச்சிலேயே திருத்தத்தை நிறுவிய கணினிகளில் அக்குறை அடைபட்டிருந்தது. இரண்டு மாத காலத் தாமதமே சேதத்திற்கு வாயிலாயிற்று.

கைக்கு வந்து சேரும் வழி

புதுப்பிப்பு ஒரே தாவலில் பயனாளரை அடைவதில்லை. ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை, கூகுள் முதலில் மென்பொருளை வெளியிடுகிறது. குவால்காம், மீடியாடெக் போன்ற சில்லு உற்பத்தியாளர்கள் தங்கள் சில்லுகளுக்கேற்ப அதனைச் சீரமைக்கின்றனர். பின்னர் திறன்பேசி நிறுவனம் தனது ஒவ்வொரு மாதிரிக்கும் பொருந்துமாறு மாற்றிச் சோதிக்கிறது. இறுதியாக, முதலில் சிலருக்கும் குறையேதும் தென்படாவிடில் பிறகு அனைவருக்கும் அனுப்பப்படுகிறது. அண்டை வீட்டாருக்கு வந்த புதுப்பிப்பு தமக்கு வரவில்லையே எனச் சிலர் வியப்பதற்கு இதுவே காரணம்.

இந்நீண்ட சங்கிலியில் ஏற்படும் தாமதத்தைக் குறைக்கச் சில முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 2017இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 8 பதிப்பில், சில்லு சார்ந்த பகுதி இயங்குதளத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டது. 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 முதல், சில முக்கியப் பகுதிகளைக் கூகுள் பிளே வழியாக நேரடியாகவே திருத்த முடிகிறது.

நிறுவும் முறை

முதலாவதாக, ஒளிப்படங்கள், தொடர்பு எண்கள், முக்கிய ஆவணங்கள் ஆகியவற்றிற்குக் காப்பு நகல் எடுத்தல் வேண்டும். புதுப்பிப்பினால் தகவல் அழிவது அரிதேயெனினும், அரிதாக நேரும் இழப்பையும் ஈடுசெய்ய இயலாது.

இரண்டாவதாக, மின்கலம் பாதிக்கு மேல் நிரம்பியிருத்தல் வேண்டும். மின்னூட்டத்தில் வைத்திருப்பது இன்னும் நன்று. கோப்பின் அளவு சில நூறு எம்பி முதல் சில ஜிபி வரை இருக்கக்கூடுமாதலால், நினைவகத்தில் போதிய காலியிடமும் வைஃபை இணைப்பும் தேவை. வீட்டில் வைஃபை இல்லாதவர், நாளொன்றுக்குரிய டேட்டாவில் மீதமிருக்கும் இரவு வேளையைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவதாக, ‘செட்டிங்ஸ்’ எனும் அமைப்புகள் பகுதியில் ‘சாஃப்ட்வேர் அப்டேட்’ அல்லது ‘சிஸ்டம் அப்டேட்’ என்பதைத் திறந்து, அங்கிருந்தே பதிவிறக்க வேண்டும். கோப்பு இறங்கியவுடன், உற்பத்தியாளரின் மின்னணுக் கையொப்பம் அதில் உள்ளதா எனக் கருவி தானே சரிபார்க்கும். இடையில் எவரேனும் கோப்பை மாற்றியிருப்பின் கையொப்பம் பொருந்தாது. கருவி அதனை ஏற்காது.

நான்காவதாக, நிறுவும்போது கருவியை அணைக்கலாகாது. 2016இல் ஆண்ட்ராய்டு 7 பதிப்புடன் அறிமுகமான முறையின்படி, பல திறன்பேசிகளில் இயங்குதளத்திற்கென இரு அறைகள் உள்ளன. ஓர் அறையில் பழைய பதிப்பு இயங்கிக்கொண்டிருக்க, மற்றோர் அறையில் புதியது எழுதப்படும். மறுதொடக்கத்தின்போது கருவி புதிய அறைக்கு மாறிக்கொள்ளும். புதியது இயங்காவிடில் பழையதற்கே திரும்பிவிடும். இவ்வசதி இல்லாத கருவிகளில் இடைநிறுத்தம் தீங்கு விளைவிக்கக்கூடும்.

ஐந்தாவதாக, நிறுவிய பின்னர் அதே அமைப்புகள் பகுதியில் ‘பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி’யைப் பார்த்தல் வேண்டும். கருவி எந்த மாதம் வரையிலான குறைகளிலிருந்து காக்கப்பட்டுள்ளது என்பதை அத்தேதி காட்டும். அது பல மாதங்கள் பின்தங்கியிருப்பின், கருவிக்குரிய ஆதரவு முடிந்துவிட்டதா என விசாரித்தல் நலம்.

நியாயமான அச்சமும் போலி அழைப்பும்

புதுப்பித்தால் கருவி மெதுவாகிவிடும் என்னும் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. புதிய பதிப்பு நிறுவப்பட்ட ஓரிரு நாட்களில் செயலிகள் மீண்டும் சீரமைக்கப்படுவதால் சூடேறுதலும், மின்கலம் விரைவில் தீர்தலும் காணப்படலாம். இவை பொதுவாகத் தாமே சரியாகும். குறைந்த நினைவகம் கொண்ட பழைய கருவிகளில் புதிய பதிப்பு சற்றுச் சுமையாவதும் உண்டு. பழைய பதிப்பிற்கு மீள்வதும் எளிதன்று. எனவே புதிய பதிப்பிற்குச் சில நாட்கள் காத்திருந்து பிறரது அனுபவத்தை அறிவதில் தவறில்லை. பாதுகாப்புத் திருத்தத்திற்கு இத்தகைய காத்திருப்பு பொருந்தாது.

புதுப்பிப்பின் பெயராலேயே ஏமாற்றுவோரும் உளர். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ, வங்கிச் செயலியைப் புதுப்பிக்குமாறும் போக்குவரத்து அபராதச் சீட்டைப் பார்க்குமாறும் கூறி ஏபிகே கோப்புகள் அனுப்பப்படுகின்றன. அவற்றை நிறுவியவுடன், வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல் தீயோர் கைக்குச் செல்லும். இயங்குதளப் புதுப்பிப்பு ஒருபோதும் இணைப்புச் சுட்டியாக வருவதில்லை. அமைப்புகள் பகுதியில் மட்டுமே வரும். இவ்வொரு விதியை மாணவர் தம் வீட்டுப் பெரியோர்க்குச் சொல்லி வைப்பது பெரும் பயன் தரும். பணம் பறிபோய்விடின் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் உடனே முறையிடுதல் வேண்டும். 2004இல் நிறுவப்பட்ட செர்ட்-இன் எனும் மத்திய அரசு அமைப்பு, ஆண்ட்ராய்டு உள்ளிட்ட மென்பொருள்களின் குறைகளைப் பற்றி எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது.

ஆதரவுக் காலமும் ஏழை நுகர்வோரும்

இதுவரை கூறப்பட்டவை, புதுப்பிப்பு கிடைக்கப் பெறுவோர்க்கே பொருந்தும். ஒவ்வொரு மாதிரிக்கும் குறிப்பிட்ட ஆண்டுகள் வரையே உற்பத்தியாளர் புதுப்பிப்பு வழங்குகின்றனர். கூகுள் 2023 அக்டோபரிலும் சாம்சங் 2024 ஜனவரியிலும் தம் உயர்விலை மாதிரிகளுக்கு 7 ஆண்டுகள் வழங்குவதாக அறிவித்தன. குறைந்த விலைக் கருவிகளுக்கு இக்காலம் பொதுவாக இதனினும் மிகக் குறைவு. ஆக, ஒரே கருவியில் தம் முழுச் சேமிப்பையும் நிர்வகிக்கும் எளிய மக்களுக்கே குறைந்த காலப் பாதுகாப்பு கிட்டுகிறது.

விலை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாற்றமடைவதை ஒரு கணக்கால் விளக்கலாம். ரூ.12,000 விலையுள்ள கருவிக்கு 2 ஆண்டுகள் ஆதரவு உண்டெனக் கொள்வோம். பாதுகாப்பான பயன்பாட்டின் ஆண்டுச் செலவு ரூ.6,000. ரூ.20,000 விலையுள்ள கருவிக்கு 5 ஆண்டுகள் எனில், ஆண்டுச் செலவு ரூ.4,000 மட்டுமே. மலிவாகத் தோன்றியதே விலை மிகுந்ததாகிறது. ஆதரவுக் காலம் பொதியுறையின் மீது தெளிவாக அச்சிடப்பட்டாலன்றி இக்கணக்கைப் போட நுகர்வோரால் இயலாது.

இதன் சுமை தனி மனிதரோடு நிற்பதுமில்லை. உலகில் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக, 2024இல் வெளியான உலக மின்கழிவு அறிக்கை கூறுகிறது. வன்பொருள் நன்னிலையில் இருக்க, மென்பொருள் ஆதரவு முடிந்ததால் கைவிடப்படும் கருவிகளும் இக்கழிவில் அடங்கும்.

பிற நாடுகள் இத்துறையில் சட்டம் இயற்றியுள்ளன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்துடன் இணையும் கருவிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவரை வழங்கப்படும் என்பதை உற்பத்தியாளர் வெளியிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு மாதிரியின் விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும் குறைந்தது 5 ஆண்டுகள் புதுப்பிப்பு கிடைக்க வகை செய்கின்றன. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, பழுதுநீக்கத் தகுதிக் குறியீடு பற்றி 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. மென்பொருள் புதுப்பிப்பும் அக்குறியீட்டின் அளவுகோல்களுள் ஒன்றாகப் பரிந்துரைக்கப்பட்டது.

அலுவலர் செய்யத்தக்கவை

களப்பணியாளர்க்கெனத் திறன்பேசிகளைக் கொள்முதல் செய்யும் அலுவலகங்கள், ஒப்பந்தப்புள்ளியில் திரையின் அளவையும் நினைவகத்தையும் குறிப்பிடுவதுடன், பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை வழங்கப்படும் என்பதையும் நிபந்தனையாக்குதல் வேண்டும். நான்காண்டுப் பயன்பாட்டிற்கென வாங்கும் கருவிக்கு இரண்டாண்டு ஆதரவே உண்டெனில், எஞ்சிய இரண்டாண்டுகளும் குழந்தைகள், தாய்மார்கள் ஆகியோரின் விவரங்கள் காவலின்றியே கிடக்கும். புதுப்பிப்பிற்கான டேட்டா செலவை அலுவலகமே ஏற்பதும், மாதாந்திரக் கூட்டத்தின்போது அலுவலக வைஃபையில் அனைவரும் ஒருங்கே புதுப்பித்துக்கொள்ள வாய்ப்பளிப்பதும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்க ஏற்பாடுகளே.

தம் ஊதியத்தில் டேட்டா வாங்கும் ஓர் அங்கன்வாடிப் பணியாளர், திரையில் தோன்றும் வினாவிற்குப் ‘பிறகு’ என விடையளிப்பின், அதற்கு அவரது கவனக்குறைவை மட்டும் காரணமாகக் கொள்ளுதல் முறையாகாது. அவர் ‘இப்போதே’ எனக் கூறுவதற்கு வேண்டிய கருவியையும் இணைப்பையும் நேரத்தையும் வழங்குவது, அவரிடம் அப்பணியை ஒப்படைத்தோரின் கடமையாகும்.