இரட்டைக் கிளச்சும் வேற்று எஞ்சினும்

பேருந்து ஓட்டுநர் கியர் மாற்றும்போது வண்டி சற்றே தயங்குவதை உணர்ந்திருப்பீர்கள். கிளச்சை மிதித்ததும் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது அல்லவா? இத்தயக்கத்தைப் போக்க வந்ததே இரட்டைக் கிளச்சு. ஒரு குழல் அச்சு. அதனுள்ளே இன்னோர் அச்சு. ஒன்றுக்கு 1, 3, 5ஆம் கியர்கள். மற்றதற்கு 2, 4, 6. மூன்றில் ஓடும்போதே நான்கு கோக்கப்பட்டுத் தயாராக இருக்கும். ஒரு கிளச்சு விலக விலக மற்றது பற்றிக்கொள்ளும். 2003இல் வோக்ஸ்வேகன் கார்களில் இது விற்பனைக்கு வந்தது.

பிரிட்டனில் பாகங்களாகக் காரை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வோர் உண்டு. 1957இல் வந்த லோட்டஸ் செவன் இவ்வகையில் புகழ்பெற்றது. அத்தகைய காரில் இக்கியர்பெட்டியையும் வேறொரு நிறுவனத்தின் எஞ்சினையும் இணைக்கலாமா? போல்ட் துளைகள் பொருந்தாவிட்டால் இடையில் ஒரு தகடு கடைந்து வைக்கலாம். அது பட்டறை வேலை. தகட்டால் தீராத சிக்கல் வேறு. மேல் கியருக்கு மாறும்போது எஞ்சினின் வேகம் குறையவேண்டும். அதற்காகக் கியர்பெட்டியின் கணிப்பொறி, எஞ்சினின் கணிப்பொறியிடம் திருப்பு விசையைச் சற்றுக் குறைக்கச் சொல்லும். வேற்று எஞ்சினுக்கு அந்த மொழி புரியாது. அது முழு விசையோடு சுற்றும், கிளச்சு நழுவிக்கொண்டே இருக்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள். திருப்பு விசை 200 நியூட்டன் மீட்டர், தட்டுகளின் வேக வேறுபாடு நொடிக்கு 100 ரேடியன் எனில், வெப்பமாவது 20,000 வாட்! அவ்வேறுபாடு 0.2 நொடியில் சீராகக் குறைந்து மறைந்தால் 2,000 ஜூல்தான். எண்ணெய் அதைக் கடத்திவிடும். 2 நொடி இழுத்தால் 20,000 ஜூல். ஒவ்வொரு மாற்றத்திலும் இப்படியானால் தட்டுகளின் உராய்வுப் பூச்சு கருகிப்போகும். ஆதலால், இரு கணிப்பொறிகளுக்கும் இடையே மொழிபெயர்க்கும் கட்டுப்பாட்டுக் கருவி கிடைக்குமா என்று பார்த்த பிறகே எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.