ஒரு டீஸ்பூன் மூச்சின் கணக்கு

26 வாரத்தில் பிறந்த 900 கிராம் குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 4 முதல் 6 மில்லி காற்று. அதாவது 3.6 முதல் 5.4 மில்லி. வீட்டில் மருந்து ஊற்றும் டீஸ்பூன் 5 மில்லி. நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை அந்த டீஸ்பூனை நிரப்பிக் கவிழ்ப்பதுதான் அதன் பிழைப்பு. 60-ஐத் தாண்டினால் மூச்சு வாங்குகிறது.

சளியின் கணக்கு

1 கிலோவுக்குக் குறைந்த குழந்தையை வென்டிலேட்டரில் வைத்தால், மூச்சுக்குழலில் செருகும் குழாயின் உள்விட்டம் 2.5 மி.மீ. உட்சுவரில் சுற்றிலும் அரை மி.மீ. சளி படிந்தால் மிஞ்சுவது 1.5 மி.மீ. வழி குறுகக் குறுகக் காற்றுக்கான தடை நான்காம் படியில் ஏறும். 2.5-ஐ 1.5-ஆல் வகுத்து, வருவதை நான்காம் படிக்கு உயர்த்தினால் 7.7 மடங்கு. அரை மி.மீ. சளிக்கு இவ்வளவு விலை! நெஞ்சைத் தட்டி, அதிரவைத்துச் சளியை இளக்கும் பிசியோதெரபி பச்சிளம் குழந்தைகள் வார்டுக்குள் வந்தது இதனால்தான்.

செலவுப் பக்கம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து. 1992 முதல் 1994 வரை 3 ஆண்டுகளில் ஒரு மருத்துவமனையில் பராமரிக்கப்பட்ட, 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகள் 454. அவர்களில் 13 பேருக்கு வழக்கத்தில் காணாத ஒருவகை மூளைச் சிதைவு. பிறந்தது 24 முதல் 27 வாரத்தில். எடை 680 முதல் 1,090 கிராம்.

அதே எடையும் வாரமும் கொண்ட மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 1998-இல் வெளியான ஆய்வில் கண்ணில் பட்ட எண் இது: நெஞ்சு பிசியோதெரபி, பாதிக்கப்பட்டவர்களுக்கு 79 முறை, மற்றவர்களுக்கு 32 முறை. இரண்டும் இடைநிலை அளவு. தட்டத் தட்டத் தலையும் சேர்ந்து ஆடும். அந்த வாரத்து மூளையின் ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ரத்த அழுத்தமும் கூடுதல் நாட்கள் தாழ்ந்திருந்தது. ஆகவே பழி முழுவதையும் தட்டலின் மேல் போட முடியாது. ஆனால் 1994 டிசம்பரிலிருந்து அங்கே 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முதல் மாதத்தில் நெஞ்சு பிசியோதெரபி 0. ஆய்வு வெளியாகும்வரை புதிய பாதிப்பும் 0.

வரவுப் பக்கம்

இன்று இந்தக் குழந்தைகளிடம் பிசியோதெரபிஸ்டின் கைக்கு வேலை குறைவு, கண்ணுக்கு அதிகம். துணிச்சுருளால் கூடு கட்டி அணைவாகக் கிடத்துவது, மானிட்டரைப் பார்த்தபடி குப்புறப் படுக்கவைப்பது, கடிகாரம் பார்த்துச் சளி உறிஞ்சாமல் தேவைப்பட்டால் மட்டும் உறிஞ்சுவது.

கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு இன்னொரு வரவு உண்டு. இந்தியா உட்பட 5 நாடுகளில் 1 முதல் 1.8 கிலோவுக்குள் 3,211 குழந்தைகள். அவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளியானது 2021-இல். பிறந்தவுடனே தாயின் நெஞ்சோடு கிடந்தவர்கள் ஒரு பிரிவு, உடல்நிலை சீரானபின் கிடந்தவர்கள் மறுபிரிவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளொன்றுக்கு முதல் பிரிவுக்கு அப்படிக் கிடக்கக் கிடைத்த நேரம் 16.9 மணி, மறுபிரிவுக்கு 1.5 மணி. 28 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 100-க்கு 12, மறுபிரிவில் 15.7. வித்தியாசம் 3.7. அதாவது 27 குழந்தைக்கு ஓர் உயிர் மிச்சம்.

இருப்பு

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்கும் 95-க்கும் நடுவே நிற்கிறது, குழாயில் சளிச் சத்தம் இல்லை என்றால், பிசியோதெரபி அட்டவணையில் அந்த வேளைக்கான கட்டத்தில் 0 என்று எழுதிவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைக்கலாம்.