நாலு வரப்பை அளந்தால் பரப்பு வந்துவிடுமா?



2015-இல் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தபோது பொட்டிபுரத்தின் பேர் எங்கும் அடிபட்டது. நாம் இன்றைக்குப் பேசப்போவது அந்த ஊர்ப் பக்கத்துப் புஞ்சைகளைப் பற்றி. கரட்டடி நிலம். ஒரு பக்கம் ஓடை வளைக்கும், இன்னொரு பக்கம் வண்டிப்பாதை கோணலாக வெட்டும். பெட்டி மாதிரி நாலு மூலையும் சரியாக இருக்கிற நிலத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

இதை நம்மவர்கள் எப்படி அளக்கிறார்கள்? நாலு வரப்பையும் நாடாப் பிடித்து அளப்பார்கள். எதிரெதிர் வரப்புகளைக் கூட்டிப் பாதி, மற்ற இரண்டையும் கூட்டிப் பாதி, இரண்டையும் பெருக்கு, முடிந்தது கணக்கு என்பார்கள்.

ஒரு புஞ்சையை வைத்துக்கொள்வோம். வரிசையாக அதன் வரப்புகள் 200, 200, 219, 150 அடி. முதலும் மூன்றாவதும் சேர்ந்து பாதி 209½. இரண்டாவதும் நாலாவதும் சேர்ந்து பாதி 175. பெருக்கினால் 36,662 சதுர அடி. ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி. ஆக 84 சென்ட்.

பட்டாவை எடுத்துப் பார்க்கிறார். அதில் 0-31.20 என்று இருக்கிறது. அதாவது 31.20 ஏர்ஸ். ஒரு ஏர் 2.47 சென்ட், ஆக 77 சென்ட்தான். மீதி 7 சென்ட் எங்கே போச்சு? உடனே பக்கத்து வரப்புக்காரர் மேலே கண் போகும். கல்லைத் தள்ளி நட்டுவிட்டார் என்று பேச்சு வரும். பங்காளியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கோர்ட்டு வரைக்கும் போகும். அந்த மனுஷன் ஒரு சாண்கூட நகர்த்தியிருக்க மாட்டார். தப்பு, பெருக்கின கணக்கில் இருக்கிறது.

எப்படி என்று கேட்பீர்கள். கயிறு அவிழ்த்த கட்டில் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். பூட்டு ஆடினால் அது ஒரு பக்கமாகச் சாயும். நாலு சட்டமும் அதே நீளம்தான், சுற்றளவு மாறவில்லை. ஆனால் உள்ளே இருக்கிற இடம் குறைந்துவிடும். இன்னும் சாய்த்தால் சட்டங்கள் ஒட்டிக்கொள்ளும், பூனைகூடப் படுக்க முடியாது. நிலமும் அப்படித்தான். நாலு பக்கத்தின் நீளம் மட்டும் தெரிந்தால் பரப்பு தெரியாது. சராசரிக் கணக்கு மூலைகள் சரியாக இருந்தால் மட்டுமே பொருந்தும். கோணல் நிலத்தில் எப்போதுமே கூடுதலாகக் காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது. விற்கிறவருக்கு லாபம், வாங்குகிறவருக்கும் குத்தகை எடுக்கிறவருக்கும் நஷ்டம்!

இதற்கு மருந்து, மூலைக்கு மூலை ஓர் அளவு. முக்கோணம் ஆடாது. மூன்று கட்டையை ஆணியடித்துப் பாருங்கள், தெரியும். நம்ம புஞ்சையில் 200 அடி வரப்பும் 150 அடி வரப்பும் சேரும் மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கயிறு கட்டினால் 320 அடி. மற்ற இரண்டு மூலையிலிருந்தும் அந்தக் கயிற்றுக்கு நேர்க்குத்தாக அளக்கவேண்டும். நேர்க்குத்து பார்ப்பது சுலபம். மூலையில் ஒருவர் நாடாவைப் பிடிக்க, இன்னொருவர் கயிற்றோரமாக அங்குமிங்கும் நகர்த்தினால், எங்கே அளவு மிகக் குறைச்சலோ அதுதான். ஒரு பக்கம் 120, மறுபக்கம் 90 வருகிறது. 320-ஐ 120-ஆல் பெருக்கிப் பாதி 19,200. 320-ஐ 90-ஆல் பெருக்கிப் பாதி 14,400. மொத்தம் 33,600 சதுர அடி, 77 சென்ட். பட்டா சரி, பக்கத்துக்காரரும் சரி.

சர்வேயர் செய்வதும் இதேதான். உங்கள் புலப்படத்தை இப்போது இணையத்திலேயே எடுக்கலாம். அதில் நிலத்துக்குள்ளே ஓடுகிற குறுக்குக்கோடுகள் இந்த மூலைக்கு மூலை அளவுகள்தான். இங்கிலாந்தில் கன்டர் என்பவர் 1620 வாக்கில் செய்த 66 அடிச் சங்கிலியால் அந்தக் காலத்தில் அளந்தார்கள். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அந்த ஏக்கரில் நூறில் ஒரு பங்குதான் நம்ம சென்ட்.

ஓடைக்கரை வளைந்தால் என்ன செய்வது? இரண்டு முனைக்கும் நேராகக் கயிறு கட்டி, 50 அடிக்கு ஒரு தடவை கயிற்றிலிருந்து கரைக்கு அளங்கள். 200 அடிக் கயிற்றில் 12, 18, 10 என்று வந்து, இரண்டு முனையிலும் கரை கயிற்றைத் தொட்டுவிட்டால், கூட்டி 40, அதை 50-ஆல் பெருக்கினால் 2,000 சதுர அடி. நாலரைச் சென்ட்டுக்கு மேல்! உரம், விதைக் கணக்குக்குக் கிணற்றைக் கழிக்கவும் மறக்காதீர்கள். 30 அடி வாய் அகலமுள்ள வட்டக்கிணறு ஒன்றரைச் சென்ட்டுக்கு மேல் தின்னும்.

வேலிக்கணக்கு வேறு. அடுத்த புஞ்சையை வாங்கி இரண்டையும் ஒன்றாக்குகிறீர்கள். இதன் சுற்றளவு 769, அதன் சுற்றளவு 700, ஆகவே 1,469 அடி என்று கம்பி வாங்கக் கிளம்பாதீர்கள். நடுவில் இருக்கிற 200 அடிப் பொதுவரப்பு இரண்டு கணக்கிலும் ஒவ்வொரு தடவை ஏறியிருக்கிறது. 400-ஐக் கழித்தால் 1,069 அடிதான். நாலு வரிசை முள்கம்பியென்றால் 1,600 அடிக் கம்பி மிச்சம். பரப்பைக் கூட்டலாம், சுற்றளவை அப்படியே கூட்டக்கூடாது.

மேலே போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பட்டாப் பரப்பு என்பது மட்டமான அளவு. சரிவில் நாடாவைப் படுக்கவைத்து 100 அடி அளந்து, இறக்கம் 30 அடி என்றால், மட்டத்தில் அது 95 அடிதான். சரிவோடு 200, குறுக்கே 200 என்று அளந்து 92 சென்ட் என்பவருக்கு உள்ளபடி இருப்பது 87½. நாடாவை 20, 20 அடியாக மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுப் படிப்படியாக இறங்கி அளங்கள். வேலிக் கம்பி மட்டும் தரையோடு போவது. அதற்குச் சரிவின் நீளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.