நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கடன் கொடுத்தது யார் தெரியுமா?

அரசாங்கக் கடன் என்றால் சென்னைக் கோட்டைக்குள் நடக்கும் கணக்கு வழக்கு என்றுதானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை! திண்டுக்கல் சமவெளியின் வகுப்பறையிலும் கிணற்று மோட்டாரிலும் அந்தக் கடன் இருக்கிறது. இன்னும் இருக்கிறது, படியுங்கள்!

வங்கி கொடுக்காத கடன், வகுப்பறை ஆகும்! தெரியுமா?

கிராமத்து அரசுப் பள்ளிகளில் புதுக் கட்டடத்தின் கல்வெட்டை நின்று படியுங்கள். அமைச்சர் பெயர், திட்ட மதிப்பீடு இவற்றோடு 'நபார்டு' (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) என்ற சொல் பல இடங்களில் இருக்கும். வங்கிகள் தாங்கள் தரும் கடனில் 18 சதவீதத்தை விவசாயத்துக்குக் கொடுத்தாக வேண்டும். தவறினால், குறைவாகக் கொடுத்த அளவுக்கான தொகையை நபார்டு வைத்திருக்கும் ஊரக உட்கட்டமைப்பு நிதி போன்றவற்றில் போட வேண்டும். குறை கூடக் கூட, அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் வட்டியும் குறையும்! 1995-96ல் 2,000 கோடி ரூபாயில் தொடங்கிய இந்த நிதி, பள்ளிக்கூட வேலைகளுக்குத் திட்டச் செலவில் 85 சதவீதம் வரை மாநிலத்துக்குக் கடன் தருகிறது. ஏழு ஆண்டுகளில் அடைக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டு அசல் கட்ட வேண்டாம்.

கடனே இல்லாமலும் பள்ளிகள் எழுந்தன! தெரியுமா?

காமராஜர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர் மக்களே பள்ளிக்குத் தேவையானதைத் தேடிக் கொடுத்தார்கள். அரசுக்கு வட்டியில்லை, தவணையில்லை!

கிணற்று மோட்டாருக்குப் பின்னால் ஒரு வறட்சி! தெரியுமா?

1960களின் கடும் வறட்சிக்குப் பிறகு, வயலுக்கு மின்சாரம் கொண்டுபோகக் கடன் தரவே 1969ல் ஊரக மின்மயமாக்கல் கழகம் பிறந்தது. நிலக்கோட்டைப் பூவும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் கிணற்றுத் தண்ணீரை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பது இந்தச் சமவெளிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்தது இன்னும் பெரிது: மின்வாரியங்களின் கடன் சுமையைக் குறைக்க 2017 ஜனவரியில் கையெழுத்தான உதய் திட்டத்தில், மின்வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது!

கடலில்லாத ஊருக்கும் துறைமுகக் கடன் உண்டு! தெரியுமா?

தரங்கம்பாடி, திருவொற்றியூர் குப்பம், கடலூர் முதுநகர் ஆகிய மூன்று மீன்பிடித் துறைமுகங்களுக்காக 420 கோடி ரூபாய்ச் சலுகைக் கடனுக்கு 2019ல் ஒப்பந்தமானது. மத்திய அரசு, நபார்டு, தமிழ்நாடு அரசு மூன்றும் கையெழுத்திட்டன. மீன்வள உட்கட்டமைப்பு நிதியில் நாட்டிலேயே முதல் முத்தரப்பு ஒப்பந்தம் இதுதான்! அடைப்பது தமிழ்நாட்டின் பொதுக் கருவூலம். நத்தத்தில் சோப்பு வாங்குபவர் கட்டும் வரியும் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

செவ்வாய்க்கிழமை ஏலம்! தெரியுமா?

மாநிலங்களின் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் ஏலம் விடுகிறது. காலை 10.30க்குத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் கேட்பு முடிந்துவிடும். நம் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம்! வாங்குவது யார்? வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி. அதாவது நம் சேமிப்பு, நம் பாலிசி, நம் பி.எப். பணம்! 2021 நவம்பர் முதல் 10,000 ரூபாய் இருந்தால் ரிசர்வ் வங்கியில் நேரடிக் கணக்கு தொடங்கி நாமே வாங்கலாம்.

மதுரை அப்போதே செய்துவிட்டது! தெரியுமா?

உள்வட்டச் சாலைக்காக மதுரை மாநகராட்சி 2001ல் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. 2025ல் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்ப் பத்திரத்தைத் தேசியப் பங்குச் சந்தையிலேயே பட்டியலிட்டது; வட்டி 7.97 சதவீதம். 2014ல் மாநகராட்சியான திண்டுக்கல்லும் ஒரு நாள் இந்த வழியில் போகலாமே!

ஆட்டுத்தோலில் எழுதிய கடன், இன்றும் வட்டி தருகிறது! தெரியுமா?

தோல் பதனிடும் திண்டுக்கல்லுக்கு இது பிடிக்கும். ஆற்றங்கரையைப் பழுது பார்க்க 1648ல் நெதர்லாந்தின் நீர் வாரியம் ஒன்று ஆட்டுத்தோலில் எழுதிக் கொடுத்த பத்திரம், இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 2015ல் அதற்கு 136.20 யூரோ வட்டி கிடைத்தது!

இனி நம் கணக்கு!

2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் தமிழ்நாடு வாங்கத் திட்டமிட்ட கடன் 1,62,096 கோடி ரூபாய். திருப்பிச் செலுத்த வேண்டியது 55,844 கோடி. அன்றாடச் செலவுக்கு வரும் பற்றாக்குறை மட்டும் 41,635 கோடி. வீடு கட்ட வாங்கும் கடனும் மளிகைக்கு வாங்கும் கடனும் ஒன்றா? பள்ளி, மின்சாரம், துறைமுகத்துக்கு வாங்கிய கடன் பிள்ளையின் படிப்பாகவும் விளைச்சலாகவும் திரும்பி வரும். வாய்க்கும் வயிற்றுக்கும் வாங்கியது வட்டியை மட்டுமே விட்டுப் போகும்.

கொடுத்தவரும் நாம், அனுபவிப்பவரும் நாம், அடைப்பவரும் நாம்! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊர்க் கட்டடம் எந்தக் கடனில் வந்தது, எவ்வளவு, வேலை முடிந்ததா? கடன் கொடுத்தவர் கணக்குக் கேட்பதில் கூச்சம் எதற்கு?