ஒரே ஷூவில் மூன்று பால்

பாலாற்றங்கரை மொழிகள் – 9

ஆம்பூரில் தைத்த ஒரு ஷூவை எடுத்துக்கொள்வோம். அப்பர், சோல், ஹீல், லைனிங், தையல் எல்லாமே தமிழுக்கு அஃறிணை. ‘அது’ என்று சொன்னால் போதும். ஜெர்மன்காரருக்கு அது போதாது. அவர் மொழியில் ஷூ ஆண்பால்: டேர் ஷூ. சோல் பெண்பால்: டீ ஸோலெ. தோலோ இரண்டிலும் சேராத நடுப்பால்: டாஸ் லேடர். ஹீல் ஆண், தையல் பெண், லைனிங் நடு. வேலூரிலும் ஆம்பூரிலும் ஜெர்மன் படிக்க உட்காருபவர்கள் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

படிப்பவர்கள் பலவகை. ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர் பார்ப்பவர்கள், விஐடியில் ஜெர்மனை விருப்பப் பாடமாக எடுக்கும் பொறியியல் மாணவர்கள், நர்ஸிங் முடித்தவர்கள். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி பொதுவாக பி2 நிலை தேர்ச்சியைக் கேட்கிறது. அந்தத் தேர்வில் ‘டேர், டீ, டாஸ்’ குழப்பத்தை மறைத்து எழுத வழியில்லை. பால் மாறினால் பெயரடையும் மாறிவிடும். கருப்பு ஷூ, கருப்பு சோல், கருப்புத் தோல் என்று நாம் ஒரே ‘கருப்பு’ போடுகிறோம். அங்கே ஷ்வார்ட்ஸர் ஷூ, ஷ்வார்ட்ஸெ ஸோலெ, ஷ்வார்ட்ஸெஸ் லேடர்.

தமிழருக்கு இது ஏன் கடினம்? தொல்காப்பியம் மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் பிரித்தது. ஐந்து பாலும் அந்தப் பிரிவுக்குள் அடங்கும். பொருள் தெரிந்தால் பால் தெரிந்துவிடும். ஜெர்மனில் பொருளைப் பார்த்துப் பயனில்லை. சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ நடுப்பால். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880-ல் வெளியான தன் பயணநூலின் பின்னிணைப்பில் இதைக் கிண்டலடித்தே ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் சிரிக்குமுன் நம் பேச்சையும் கவனிக்க வேண்டும். ‘குழந்தை அழுகிறது’ என்றுதானே சொல்கிறோம்? ஜெர்மனிலும் குழந்தை, ‘டாஸ் கிண்ட்’, நடுப்பால்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி வகுப்புகளில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. உருதுவில் உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு. ஜூத்தா ஆண்பால், சப்பல் பெண்பால், குர்ஸி பெண்பால். நாற்காலிக்குப் பால் எதற்கு என்ற கேள்வியே அவர்களுக்கு எழாது. ஆனால் வசதி அத்தோடு சரி. ஜெர்மன் நாற்காலி ‘டேர் ஷ்டூல்’, ஆண்பால். உருதுவில் ஆண்பாலான தோல், ஜெர்மனில் நடுப்பால். விடையை எல்லோரும் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

பெரும்பாலும் அந்த விடை சொல்லின் வாலில் இருக்கிறது. ‘உங்’ என்று முடியும் வினையடிப் பெயர்கள் பெண்பால். நர்ஸ்கள் தினமும் எழுத வேண்டிய இம்ஃபுங் (தடுப்பூசி), பெஹாண்ட்லுங் (சிகிச்சை), என்ட்ஸுண்டுங் (அழற்சி) மூன்றும் இதில் அடங்கும். ‘ஆய்’ என்ற விகுதியும் பெண்பால். தோல் பதனிடும் ஆலை ‘டீ கெர்பெராய்’. சிறுமைப் பொருள் தரும் ‘ஷென்’ சேர்ந்தால் எதுவானாலும் நடுப்பால். சிறுமி நடுப்பாலானது அதனால்தான். ‘எ’ ஒலியில் முடியும் சோல், பை, பக்கிள், வெள்ளாடு ஆகியவை பெண்பால். இந்த ‘எ’ விதிக்கு மட்டும் விலக்குகள் உண்டு: கண்ணைக் குறிக்கும் ‘டாஸ் ஆவ்கெ’ நடுப்பால்.

கூட்டுச்சொல்லில் கடைசிச் சொல்லே அதிகாரி. தோல் ஷூ என்றால் டேர் லேடர்ஷூ, ஷூவின் சோல் டீ ஷூஸோலெ, ஷூவுக்கான தோல் டாஸ் ஷூலேடர். கையுறைக்குப் பெயர் ‘ஹாண்ட்ஷூ’, அதாவது கைக்கு ஷூ. கை பெண்பாலாக இருந்தும் கையுறை ஆண்பால்.

விதிக்குள் வராதவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ‘டேர் கீஃபர்’ தாடை எலும்பு. ‘டீ கீஃபர்’ பைன் மரம். நோயாளியின் குறிப்பேட்டில் மரத்தை எழுதிவிடக் கூடாது.

ஆகவே நோட்டில் ‘லேடர் – தோல்’ என்று எழுதாதீர்கள். ‘டாஸ் லேடர் – தோல்’ என்றே எழுதுங்கள், அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘டேர், டீ, டாஸ்’ சொல்லோடு பிறந்த உறுப்பு. அதை விட்டுவிட்டுப் படித்த சொல் பாதிச் சொல்தான்.

(அடுத்த வாரம்: ஜெர்மன் வேற்றுமை நான்கு, நம் வேற்றுமை எட்டு)