தண்டுவட மரப்பு நோயும் தட்டில் விழும் உணவும்

மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளை மையலின் என்னும் கொழுப்புறை மூடியிருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே இந்த உறையைத் தாக்கிச் சிதைப்பதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய். பார்வை மங்கும், கைகால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது.

நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக இந்நோய் கூடுகிறது. ஆனால் வடகோடி நாடான நார்வேயில், உள்நாட்டு வேளாண் பகுதிகளில் மிகுந்திருந்த நோய் கடலோர மீனவ ஊர்களில் குறைவாக இருந்தது. ராய் ஸ்வாங்க் என்ற மருத்துவர் நார்வே மருத்துவர்களுடன் இதை ஆராய்ந்து 1952இல் வெளியிட்டார். பண்ணை வீடுகளில் வெண்ணெயும் பாலும் இறைச்சியும் தாராளம். கரையோரத்தில் மீன்தான் அன்றாட உணவு. நிறைவுற்ற கொழுப்பின் மீது ஸ்வாங்கின் சந்தேகம் விழுந்தது.

அந்தக் கொழுப்பை நாளொன்றுக்கு 15 கிராமுக்குள் அடக்கும் உணவுமுறையை அவர் வகுத்தார். ஏறத்தாழ 150 நோயாளிகளை 34 ஆண்டுகள் கவனித்து, கட்டுப்பாட்டோடு இருந்தவர்களுக்குப் பாதிப்பும் மரணமும் குறைவு என்று 1990இல் அறிவித்தார். எனினும் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவை அவர் வைத்துக்கொள்ளவில்லை. நோய் முற்றியவர்களால் பத்தியம் காக்க முடியாமல் போயிருக்கலாம் என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் விடை இல்லை.

கடலோர மக்களைக் காத்தது வெண்ணெய் இல்லாமை அல்ல, மீனிலிருந்த வைட்டமின் டி என்ற விளக்கம் பின்னர் வலுப்பெற்றது. நார்வேயின் வடகரையில் குளிர்காலத்தில் காட் மீனை அதன் ஈரலோடும் சினையோடும் வேகவைத்து உண்பது வழக்கம். சூரியன் வாரக்கணக்கில் தலைகாட்டாத அப்பகுதியில் வைட்டமின் டி தரும் உணவு இது. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே வாழ்வோரிடம் நடந்த 2007ஆம் ஆண்டு ஆய்வும், கோடையில் வெயில் அதிகம் படாதவர்களுக்குக் காட் ஈரல் எண்ணெய் பாதுகாப்பு தந்திருக்கலாம் என்றே காட்டியது.

அமெரிக்கச் செவிலியரிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் டி மாத்திரை மூலம் நாளுக்கு 400 யூனிட்டோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்கு நோய் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. அமெரிக்கப் படையினரிடம் நோய் வருவதற்கு முன்பே சேமித்த இரத்தத்தை 2006இல் சோதித்தபோதும், வெள்ளையரிடையே வைட்டமின் டி உயர்ந்திருந்தவர்களுக்கு ஆபத்து குறைவு. பிறவியிலேயே இந்த வைட்டமின் குறைவாக அமையும் மரபணுக்கள் கொண்டோருக்கு ஆபத்து கூடுவதாக 2015இல் தெரிந்தது. மரபணுவை நோய் மாற்றிவிட முடியாது என்பதால் இது வலுவான சான்று.

உடல் எடைக்கும் பங்கு உண்டு. 18 வயதில் பருமனாக இருந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. மிகைக் கொழுப்பு உடலில் அழற்சியை வளர்க்கிறது. இரத்தத்தில் வைட்டமின் டி அளவும் பருமனானவர்களிடம் குறைந்தே காணப்படுகிறது.

எல்லா ஐயங்களும் உறுதிப்படவில்லை. உப்பு மிகுந்த தீனி எலிகளிடம் இதையொத்த நோயைக் கடுமையாக்கியது 2013இல் தெரிந்தது; செவிலியர் ஆய்விலோ உப்புக்கும் நோய் வாய்ப்புக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஒமேகா-3 மாத்திரைகளும் நார்வேயில் நடந்த சோதனையில் நோயாளிகளுக்குப் பயன் தரவில்லை.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் இந்நோயின் ஆபத்து 32 மடங்கு கூடுவதாக 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆனால் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் உடலில் அந்த வைரஸ் இருந்தும் நோய் வருவது வெகு சிலருக்கே. மரபணு, வெயில், புகைப்பழக்கம், எடை, உணவு ஆகியவை குறுக்கிடுவது இங்கேதான்.

ஆகவே, இந்நோயைத் தரும் உணவு என்றோ தீர்க்கும் உணவு என்றோ எதையும் சொல்ல இடமில்லை. இளமையில் எடை மிகாமல் காப்பதும் வைட்டமின் டி குறையாமல் பார்த்துக்கொள்வதும் பயன் தரக்கூடியவை. வைட்டமின் டி மாத்திரையும் அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்படும். நோய் வந்தவர்கள் பத்தியத்தை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து.